வாய்க்கு ஒரு கட்டம்

பெரியம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு உண்டு. நீளமான கணக்கு நோட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது. குளியல், டயப்பர், மலம், பிரஷர், சர்க்கரை, மாத்திரை, மூன்று வேளைச் சாப்பாடு, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை போனதும் நான் முதலில் கேட்டு வாங்குவது அதைத்தான். அவள் எப்படி ஒரு வாரத்தைக் கழித்தாள் என்பதை ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம். புதன்கிழமை ராத்திரி தூங்கவில்லை, வெள்ளிக்கிழமை அரை இட்லியோடு எழுந்துவிட்டாள், இப்படி. வங்கியில் வேலை பார்ப்பவள் நான். கட்டங்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். வாரா வாரம் அந்த நோட்டைப் புரட்டியிருக்கிறேன். வாய்க்கு அதில் ஒரு கட்டம் இல்லை என்பது ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்தது அவள்தான். குழந்தை கிடையாது, பெரியப்பா போய் நாளாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வீட்டில் ஒரு வருஷம் வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இல்லத்தில் யாரையாவது விட்டிருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அவளுக்கு மேலே முழுப் பல்செட். கீழே சொந்தப் பல் ஏழு. பக்கவாதத்துக்கு முன்பு தினமும் ராத்திரி பல்செட்டைக் கழற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைப்பாள். சின்ன வயதில் அந்த டம்ளரைப் பார்த்தால் எனக்குப் பயம். இல்லத்துக்குப் போன பிறகு அந்த டம்ளர் என்னவானது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வலது கை போன ஒருத்தி எப்படிப் பல் தேய்ப்பாள் என்றும் தோன்றவில்லை. சோறு ஊட்டுகிறார்களா, குளிப்பாட்டுகிறார்களா, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கிறார்களா என்று எல்லாம் கேட்டேன்.

போன வருஷம் தை மாதத்திலிருந்து அவள் பேச்சுக் குறைந்தது. பக்கவாதத்தில் கொஞ்சம் குழறும்தான், ஆனால் எனக்குப் புரியும்படி பேசிக்கொண்டிருந்தவள். ஒப்புட்டு கொண்டுபோனால் முதலில் வாசம் பார்ப்பாள், பிறகுதான் வாங்குவாள். தையில் கொண்டுபோனதை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேண்டாங் கண்ணு, வாய்க்குப் புடிக்கல" என்றாள். அவள் சொன்னதில் 'வாய்க்கு' என்ற வார்த்தை இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது 'வேண்டாம்' மட்டும்தான். இல்லத்தில் குழைந்த சாதத்துக்கு மாற்றினார்கள். மனசு சரியில்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் ஒரு மாத்திரை சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் வாடை அடித்தது. வயசானால் அப்படித்தான் என்று நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு சாண்தான் இன்று வரைக்கும் என்னை உறுத்துகிறது.

பல்செட்டைக் கடைசியா எப்பக் கழட்டினீங்க?

மாசி கடைசியில் காய்ச்சல், மூச்சிரைப்பு. ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்சிஜன் மாஸ்க் வைக்க வந்த நர்ஸ் சிஸ்டர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, முதலில் கேட்டது, "பாட்டிக்குப் பல்செட் இருக்குங்களா?"

"மேல இருக்குங்க."

"கடைசியா எப்பக் கழட்டினீங்க?"

நானும் கூட வந்த ஆயாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆயாவுக்கு அது பல்செட் என்பதே தெரியாது. அவர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. சொந்தப் பல் என்றே நினைத்திருக்கிறார்.

சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு, "பாட்டி, வாயைத் தொறக்கறீங்களா, நான் மெதுவாத்தான் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, பல்செட்டின் பின் ஓரத்தைக் கீழ்நோக்கி அழுத்தினார். பிடிப்பு விட்டு ஒரு சத்தம் வந்தது, சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்குவது போல. பல்செட்டின் உள்பக்கம் வெளிர் சிவப்பாக இருக்க வேண்டும். காய்ந்த கஞ்சி மாதிரி பழுப்பும் சாம்பலுமாக ஒரு பூச்சுதான் இருந்தது. அந்தப் பூச்சுக்குள் பாதி மாத்திரை ஒன்று பதிந்திருந்தது. நோட்டில் 'கொடுத்தாச்சு' என்று டிக் அடித்த மாத்திரை. சிஸ்டர் மொபைல் வெளிச்சத்தை அடித்து எனக்கு அவள் மேலண்ணத்தைக் காட்டினார். பல்செட் உட்கார்ந்திருந்த இடம் முழுக்க, அதே வடிவத்தில், ஓரம் பிசகாமல் ரத்தச் சிவப்பு. அச்சு எடுத்த மாதிரி. பிறகு நனைத்துப் பிழிந்த காஸ் துணியை விரலில் சுற்றி வலது கன்னத்துக்குள் விட்டு எடுத்தார். சோறு வந்தது. ரெண்டாம் முறை விட்டதிலும் வந்தது. மூன்றாம் முறையும். விழுந்துபோன பக்கத்துக் கன்னத்தில் சாப்பாடு தங்கினால் அவளுக்கே தெரியாது, நாக்கை அங்கே கொண்டுபோய்த் துழாவவும் முடியாது. அது அன்று மத்தியானச் சோறா, அதற்கும் முந்தியதா என்று எனக்குத் தெரியாது.

சிஸ்டர் யாரையும் குறை சொல்லவில்லை. "தலை சீவி, பவுடர் போட்டு, சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது.

புரையேறாமல் இறங்குவது

சாப்பிடும்போது புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். இருமல் வருகிறதே, அதுதான் காவல். மூச்சுக்குழாய்ப் பக்கம் தப்பிப்போன பருக்கையை உடம்பு வெளியே தள்ளுகிறது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கும், மிகவும் தளர்ந்துபோனவர்களுக்கும் அந்தக் காவல் தூங்கிவிடுகிறது. எச்சில் சத்தமில்லாமல் நுரையீரலுக்கு இறங்குகிறது, முக்கியமாகத் தூக்கத்தில். இறங்குவது சுத்தமான வாயின் எச்சில் என்றால் உடம்பு சமாளிக்கும் வாய்ப்பு அதிகம். பல்செட்டுக்கு அடியில் வாரக்கணக்கில் ஊறிய கிருமியோடு இறங்கினால்? டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார், வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக இருந்தது. வாயிலிருந்துதான் வந்தது என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வழி அதுதான் என்றார்.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது தேடிப் படித்தேன். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ரெண்டு வருஷம் ஓர் ஆய்வு நடத்தி 1999-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பவர்களே பல் தேய்த்துவிட்டிருக்கிறார்கள், தேவைப்பட்டவர்களுக்கு வாரம் ஒரு முறை பல் மருத்துவரும் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் வழக்கம்போல. ரெண்டு வருஷத்தில் நிமோனியா வந்தது வழக்கம்போல விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு, தேய்த்துவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு. 2015-ல் வெளியான இன்னோர் ஆய்வில், அதே நாட்டில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு என்று தெரிந்திருக்கிறது.

இதற்கு மாறான ஆய்வும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 36 இல்லங்களில், பல் தேய்ப்பது, வாய் கழுவும் மருந்து, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது எல்லாம் சேர்த்துச் செய்து பார்த்துவிட்டு, நிமோனியா குறையும் அறிகுறி இல்லை என்று பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே பல் தேய்த்தால் நிமோனியா வராது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பல் தேய்க்காவிட்டாலும் நிமோனியாவே வராது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனுஷியின் அண்ணம் புண்ணாகி, அதன் மேல் பாதி மாத்திரை ஒட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிடலாமா? ஜப்பான்காரர்கள் 1989-லேயே எண்பது வயதில் இருபது பல் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 2016 கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் அதை எட்டியிருக்கிறார்கள். நாம் எண்பது வயதில் பல் எதற்கு என்கிறோம். இந்த விஷயத்தில் என் கோபம் அந்த ஒரு கேள்வியின் மேல்தான்.

மனசுக்கென்று சேர்த்த மாத்திரை வாயை உலர்த்தும் என்பதையும் அப்போதுதான் படித்தேன். பிரஷர் மாத்திரைகளில் சில, அலர்ஜி மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் மாத்திரை, இவற்றில் பலவும் அப்படித்தான். எச்சில் ஊறினால்தான் வாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். எச்சில் வற்றினால் பல்செட் அண்ணத்தில் உரசும், ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்லின் வேர் மளமளவென்று சொத்தையாகும். டாக்டரிடம் கேட்டோம். அவர் அந்த மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தினார்.

எச்சில்

இல்லத்துக்குத் திரும்பிய பிறகு மேனேஜரிடம் பேசினேன். சண்டைக்குப் போகவில்லை, சண்டை போடும் யோக்கியதை எனக்கும் இல்லை. அவர் நேர்மையாகச் சொன்னார். "கொப்பளிக்கச் சொல்றோமுங்க. வாயத் தொறக்கலைன்னா விட்டுப்போடறோம். மத்ததெல்லாம் வம்பா செஞ்சாலும் செஞ்சரலாமுங்க. இது முடியாதுங்க." பகலில் பத்துப் பேருக்கு ஓர் ஆயா. ராத்திரியில் இருபது பேருக்கு ஒருவர். ஆயாக்களிடம் கேட்டால், ஒருவர் கடித்துவிடுவார்கள் என்றார், உண்மையிலேயே விரலில் வடு இருந்தது. இன்னொருவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "மலங்கூட அள்ளிப்போடறனுங்க. அடுத்தவங்க எச்சிலத் தொடறதுக்குத்தான் ஒரு மாதிரி இருக்குது" என்றார்.

அந்தப் பேச்சு என்னை நாள்கணக்கில் விடவில்லை. எச்சில் என்று நாம் எதையெல்லாம் ஒதுக்குகிறோம். அடுத்தவர் குடித்த டம்ளர், எச்சில் இலை, எச்சில் கை. டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கத்தான் குழந்தைக்கு முதலில் பழக்குகிறோம். யார் எச்சில் யாருக்குத் தீட்டு என்பதில் நம் ஊரின் எத்தனையோ அசிங்கமான கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. அந்தப் பழக்கம் ஆயாவின் விரலில் மட்டும் இருக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சிஸ்டர் காஸ் துணியை என் கையில் கொடுத்து, "நீங்க பண்ணுங்கம்மா, பழகிக்கங்க" என்றபோது நான் பின்வாங்கினேன். என்னை வளர்த்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடலைமிட்டாயைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்துப் பாதி கொடுப்பாள். சில நாள் தலைப்பெல்லாம் கிடையாது, நேராகவே கடித்துக் கொடுப்பாள். அது எச்சில் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை. அவள் வாயிலிருந்து தின்றவள் அவள் வாய்க்குள் விரல் விட யோசித்தேன். அரை நிமிஷம் இருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, வாயை மட்டும் திறந்தாள்.

தொட்டிப் பாசி

தெரிந்த பல் டாக்டரம்மா ஒருவரை ஒரு சாயங்காலம் இல்லத்துக்கு அழைத்துப்போனேன். ஆயாக்கள் ஐந்து பேரும் நின்றார்கள். கொப்பளித்தால் போதாதா என்று கேட்டதற்கு அவர் சொன்னது அவர்களுக்கு உடனே பிடிபட்டது. "தண்ணித் தொட்டியில பாசி புடிச்சா, தண்ணி ஊத்தி ஊத்தி விட்டாப் போயிருமா? தேய்ச்சாத்தானே போகும். பல்லுல புடிக்கறதும் பாசிதான்." வாய் கழுவும் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போகிற என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். எதிரில் நின்று பிரஷை நீட்டினால் யாருமே முகத்தைத் திருப்புவார்கள். ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் நின்று, தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். முதலில் தோளைத் தொட்டார், பிறகு கன்னத்தை, பிறகு உதட்டை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொல்லிவிட்டு. குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ், அதில் பட்டாணி அளவுக்கும் குறைவாகப் பேஸ்ட். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நுரை வரக் கூடாது, துப்ப முடியாதவர்களைக் கொப்பளிக்கச் சொல்லவே கூடாது, அந்தத் தண்ணீரே நுரையீரலுக்குப் போகும். தேய்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் போதும். பல்லுக்கு நடுவே ஒருபோதும் விரலை வைக்காமல், கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் விட்டார். கடிபட்ட ஆயா அதைக் குனிந்து பார்த்தார். மாட்டேன் என்று தலையை ஆட்டிய ஒரு தாத்தாவை வற்புறுத்தாமல் நகர்ந்து, அரை மணி கழித்துத் திரும்ப வந்தார். அப்போது திறந்தார்.

பல்செட்டை வாஷ்பேசினில் தண்ணீர் பிடித்துவைத்து அதன் மேல் பிடித்துக் கழுவ வேண்டும், கை நழுவினாலும் உடையாது. சோப்பு போதும், பேஸ்ட் கீறல் போடும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும், பிறகு வாயில் உட்காராது. ராத்திரி கட்டாயம் கழற்றி, தண்ணீரில் போட்டு, மூடி போட்ட டப்பாவில் பேரெழுதி வைக்க வேண்டும். இந்தப் பேரெழுதுவது சின்ன விஷயமில்லை. ஒரு பக்கெட்டில் எல்லாருடையதையும் போட்டுக் கழுவிவிட்டு எது யாருடையது என்று தெரியாமல் வாய்க்கு வாய் வைத்துப் பார்த்த கதையை ஆயாக்களே சொன்னார்கள், வேறு இடத்தில் வேலை பார்த்தபோது நடந்ததாம்.

இப்போது நோட்டில் 'வாய்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, காலை, இரவு என்று ரெண்டாகப் பிரித்து. எல்லா நாளும் டிக் விழுவதில்லை. தீபாவளி வாரத்தில் மூன்று ஆயாக்கள் லீவு, நாலு நாள் காலியாக இருந்தது. காலியாக விட்டார்களே, பொய்யாக அடித்துவைக்கவில்லையே என்று எனக்கு நிம்மதிதான். பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து முகாம் வருகிறார்கள், எண்ணுகிறார்கள், பேஸ்ட் கொடுக்கிறார்கள், கல்லூரிக்கு வரச் சொல்கிறார்கள். கட்டிலைவிட்டு இறங்க முடியாதவர் எப்படிப் போவார்? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. தேடி வருகிற அந்தக் கை, டார்ச் அடித்து வாயையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனால் எத்தனை பேர் மறுபடி சோறு தின்பார்கள்.

பெரியம்மாவின் அண்ணத்துப் புண் பூஞ்சைக் காளானால் வந்தது. மருந்து போட்டு, பல்செட்டை ராத்திரியில் கழற்ற ஆரம்பித்ததும் மூன்று வாரத்தில் சிவப்பு வடிந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கட்டியிருந்த சேலை நன்றாக இல்லை என்றாள். மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அவளுக்குப் போனது பல் அல்ல, வாய் எரிந்ததால் பேசாமல் இருந்திருக்கிறாள். அதை நாங்கள் வயசு என்றோம், மனசு என்றோம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி. அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பெரியம்மாவுக்குத் தேய்த்துவிடுவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் நான் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டார்.

"அம்மிணி, எனக்கும் செத்தப் பாத்து உடறயா?"

பெரியம்மாவிடம் கடலைமிட்டாய்க் கணக்கு இருந்தது. இவரிடம் எனக்கு ஒரு கணக்கும் இல்லை. மறுபடியும் அந்த அரை நிமிஷம் வந்தது. ஆயாக்களுக்கு அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். புதுக் கையுறை ஒன்று எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் போய் நின்று, தோளைத் தொட்டேன். "கன்னத்தத் தொடறனுங்க பாட்டி" என்றேன். அவர் அதற்குள் வாயைத் திறந்துவிட்டார். பல்லே இல்லை. இடது பக்கம் கீழே, ஈறோடு ஈறாக, ஒரு வேர்த்துண்டு மட்டும் கூராக நின்றது. அதற்கு நேராக நாக்கின் ஓரத்தில் ஒரு புண்.

"எத்தன நாளா இருக்குதுங்க இது?"

வாயைத் திறந்தபடியே கையை விரித்தார். ஆயாவைக் கூப்பிட்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.